அல்சூரில் மூன்று மாத இயற்கை மருத்துவத் திட்டம்: முடித்துவிட்டு எழுதுகிறேன்

பெங்களூரில் அல்சூர் மெட்ரோவில் இறங்கி ஏரிப் பக்கமாகக் கொஞ்ச தூரம் நடந்தால் ஒரு பழைய வீட்டின் மாடியில் இருக்கிற சின்ன இயற்கை மருத்துவ, யோகா மையம் இது. பன்னிரண்டு வாரத் திட்டம். வாரத்தில் இரண்டு நாள் காலை ஆறரைக்கு யோகா, அதை முடித்தவுடன் ஏதாவது ஒரு சிகிச்சை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மருத்துவரைப் பார்ப்பது, மாதம் இருமுறை மனநல ஆலோசகர். எல்லாம் சேர்த்து 16,500 ரூபாய் கட்டினேன். பெயரை எழுதப் போவதில்லை. அங்கே எனக்குக் கிடைத்த நல்லது நிறைய, அதே மூன்று மாதத்தில் என் கண் முன்னால் ஒரு பெரிய தவறும் நடந்தது. இந்த மாதிரி இடம் பெங்களூரில் இப்போது தெருவுக்குத் தெரு இருக்கிறது, எதைப் பார்த்துச் சேர வேண்டும் என்று தெரிந்தால் எந்த மையத்துக்குப் போனாலும் உங்களுக்கு உதவும்.

எனக்கு வயது 46. ஆபீஸில் வருஷா வருஷம் எடுக்கிற பரிசோதனையில் இந்த முறை எச்பிஏ1சி 6.2 வந்தது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், இது கடந்த மூன்று மாதத்துச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் அளவு. ரத்தச் சிவப்பணுக்கள் ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருக்கும், அவற்றில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை அளக்கிறார்கள். 5.7க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை, 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, 6.5 ஆகிவிட்டால் சர்க்கரை நோய். 2023ல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) கணக்கெடுப்பின்படி இந்தியாவில் என்னைப் போல இந்த நடுக்கட்டத்தில் நிற்பவர்கள் 13 கோடிக்கும் மேல். அதோடு எனக்குக் கழுத்து வலி, தூக்கம் ஐந்து மணி நேரம்கூடக் கிடையாது, மாலையானால் எரிச்சல். வழக்கமாகப் பார்க்கும் டாக்டர், "இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், எடையைக் குறைங்க, நடங்க, மூணு மாசம் கழிச்சு டெஸ்ட் எடுத்துட்டு வாங்க" என்றார். அவர் சொன்னது சரிதான். ஆனால் வெளியே இருபது பேர் காத்திருக்க எனக்கு நான்கு நிமிடம்தான் கிடைத்தது, எப்படிக் குறைப்பது, எந்த நேரத்தில் நடப்பது என்று கேட்க வாய் வரவில்லை.

இந்த மையத்தில் முதல் சந்திப்பு ஒரு மணி பத்து நிமிடம் நடந்தது. மருத்துவர் ஓசூர்க்காரர், பி.என்.ஒய்.எஸ். படித்தவர் (இன்டர்ன்ஷிப்பையும் சேர்த்து ஐந்தரை வருட இயற்கை மருத்துவ, யோகாப் பட்டப்படிப்பு அது, ஆறு வாரச் சான்றிதழ் வாங்கிவிட்டு "டாக்டர்" என்று போட்டுக்கொள்பவர்களும் இந்த ஊரில் இருக்கிறார்கள், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்). நாக்கைப் பார்த்தார், இடுப்பை அளந்தார், பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். அப்புறம் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நீளமாக ஒரு கோடு போட்டு, காலை ஐந்து மணி என்று ஒரு முனையில் எழுதி, "இங்கிருந்து சொல்லுங்க" என்றார். நான் எழுந்திருப்பது, பையனுக்கு டிபன், அத்தைக்குக் கஞ்சி, பஸ், ஆபீஸ், நான்கு மணிக்குக் காபியும் பிஸ்கட்டும், வீட்டுக்கு வந்ததும் இன்னொரு காபி. எல்லாவற்றையும் கோட்டின்மேல் குறித்துக்கொண்டே வந்தவர் இரவு வந்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

"உங்க வீட்ல கடைசியா சாப்பிடுறது யாரு?"

நான்தான். கணவர் எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை செய்கிறார், சில்க் போர்டு நெரிசலைத் தாண்டி வீடு வந்து சேர ஒன்பதே முக்கால் ஆகிவிடும். அத்தை ஏழரைக்குச் சாப்பிட்டுவிடுவார், பையன் இரண்டாம் பியூசி (பன்னிரண்டாம் வகுப்பு), டியூஷன் முடித்து வந்து எட்டரைக்குச் சாப்பிடுவான். நான் மட்டும் அவர் வரட்டும் என்று இருந்து, பரிமாறிவிட்டு, பத்தேகாலுக்கு மீந்ததைச் சாப்பிடுவேன். மிச்சமாவது சோறு, தீர்ந்துபோவது பொரியல். பதினெட்டு வருஷமாக இப்படித்தான். இதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைத்தது, ஏனென்று அப்போது தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் எத்தனையோ டாக்டரைப் பார்த்திருக்கிறேன், என்ன சாப்பிடுகிறேன் என்று எல்லோரும் கேட்டார்கள், எப்போது, யாருக்கு அப்புறம் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. நான் கட்டிய பணம் முழுவதும் அந்த ஒரு கேள்விக்கே சரியாகப் போயிற்று என்று மனதாரச் சொல்வேன்.

அவர் கொடுத்த மாற்றங்கள் மிகச் சாதாரணமானவை. ஏழரைக்கு அத்தையோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். கணவர் வரும்போது பக்கத்தில் உட்கார்ந்து பேச வேண்டும், வேண்டுமானால் கையில் ஒரு டம்ளர் மோர். சாப்பிட்டபின் பதினைந்து நிமிடம் தெருவிலேயே நடக்க வேண்டும், அந்த நேரத்தில் தசைகள் வேலை செய்தால் சாப்பாட்டிலிருந்து வரும் சர்க்கரையை அவை எடுத்துக்கொள்ளும். மதியம் இரண்டு மணிக்கு மேல் காபி கிடையாது. குடித்த காபியின் கஃபீனில் பாதி உடம்பைவிட்டுப் போகவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகிறது, ஆறரைக்குக் குடித்தால் படுக்கும்போதும் பாதி உள்ளேயே இருக்கிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். தட்டில் பாதி காய், மீதியில் பருப்போ முட்டையோ ஒரு பங்கு, சோறோ சப்பாத்தியோ ஒரு பங்கு. காயையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வர வேண்டும்.

ராகி பற்றி அவர் சொன்னதைத் தனியாகச் சொல்ல வேண்டும், பெங்களூர்த் தமிழர்கள் எல்லோருக்கும் இது தேவை. ராகிக் களியும் ராகி மால்ட்டும் நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு குடித்துக்கொண்டிருந்தேன். ராகியில் கால்சியம் அதிகம், 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல், அது உண்மை. ஆனால் அதே 100 கிராமில் மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்து. நைஸாக அரைத்த மாவைக் கரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை வேகமாக ஏறும். கெட்டியாகக் கிண்டி, கீரைக் கடைசலோ சுண்டல் குழம்போ வைத்து அளவோடு சாப்பிட்டால் மெதுவாக ஏறும். காலையில் வெல்லம் போட்ட மால்ட்டை நிறுத்தச் சொன்னார். என் பி12 குறைவாக இருந்ததைப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஜூஸ் எதுவும் உதவாது, காய்கறில பி12 கிடையாது, உங்க டாக்டர் கிட்ட மாத்திரை எழுதி வாங்குங்க" என்று சொன்னதும் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்துவிட்டது. தன் வைத்தியத்தின் எல்லை எதுவென்று தெரிந்தவர்.

வீட்டில் இதை நடத்துவது அங்கே உட்கார்ந்து கேட்ட அளவுக்குச் சுலபமாக இல்லை. முதல் வாரம் கணவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் முகம் சுருங்கியிருந்தது. அத்தைதான் ஆச்சரியப்படுத்தினார். மூன்றாம் நாள் ஏழேகாலுக்கே இரண்டு தட்டை எடுத்து வைத்துவிட்டு, "வா, ஆறிடும்" என்றார். அவருடைய காலத்தில் அவரும் கடைசியாகத்தான் சாப்பிட்டாராம், மாமா இரண்டாம் ஷிப்ட் முடித்து எச்.ஏ.எல்.லிலிருந்து வரும்வரை காத்திருப்பாராம். அன்றைக்கு ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தோம். ஒரு மாதத்தில் கணவரும் ஆபீஸ் கேன்டீனிலேயே ஏழு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு வர ஆரம்பித்தார்.

சிகிச்சைகளுக்கு வருகிறேன். வயிற்றில் மண் பட்டி (ஈர மண்ணைத் துணியில் வைத்துப் போடுவது), இடுப்புக் குளியல், கழுத்துக்கு ஒத்தடம், சுடுநீரில் பாதக் குளியல், எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுதல். எல்லாம் சுத்தமாகச் செய்கிறார்கள், மண் ஒவ்வொருவருக்கும் புதிது, துணி துவைத்துக் காய்ந்தது. பிடித்துவிடும் பெண் மண்டியாவிலிருந்து வந்தவர், உள்ளே போனதும் "அக்கா, ஊட்டா ஆய்தா?" என்று கேட்டுவிட்டுத்தான் கையில் எண்ணெய் எடுப்பார். சாப்பிடவில்லை என்று சொன்னால்தான் அவருக்குத் திருப்தி, வயிறு நிரம்பியிருந்தால் அரை மணி நேரம் வெளியே உட்காரச் சொல்லிவிடுவார். பாதக் குளியலுக்கு அப்புறம் வந்த அந்த இருபது நிமிட அமைதியை நான் வேறு எங்கும் அனுபவித்ததில்லை. கழுத்து வலி நான்காம் வாரத்தில் பாதியாகக் குறைந்தது.

இடுப்புக் குளியல் நம் சித்தர்கள் கொடுத்தது என்று வரவேற்பறையில் ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார். நம்மிடம் சித்த வைத்தியத்தில் எவ்வளவோ இருக்கிறது, ஆனால் தொட்டியில் உட்கார்ந்து செய்யும் இந்த முறையைப் பரப்பியவர் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து லூயி கூனே. காந்திக்கு அவர்மேல் பெரிய ஈடுபாடு, அப்படித்தான் இது இந்தியாவில் வேர்விட்டது, 1946ல் புனேவுக்குப் பக்கத்தில் உருளி காஞ்சனில் காந்தி இயற்கை மருத்துவத்தைக் கிராமத்து ஏழைகளுக்கென்றே தொடங்கினார். ஏழைகளுக்காகத் தொடங்கியது இன்று 16,500 ரூபாய்க்கு வந்து நிற்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஒத்துப்போகாதது "கழிவை வெளியேற்றுவது" என்ற பேச்சு. யோகா ஆசிரியர், வரவேற்பறை, சுவரில் ஒட்டிய படம், எல்லாம் அதையே சொல்கின்றன. மண் பட்டி போட்டால் நச்சு வெளியே வருகிறது, வியர்த்தால் நச்சு போகிறது. அந்த வேலையை நம் கல்லீரலும் சிறுநீரகமும் ராத்திரி பகலாகச் செய்துகொண்டிருக்கின்றன, மண்ணுக்கு அதில் பங்கு இல்லை. மருத்துவரிடம் நேரடியாகவே கேட்டேன். மண் பட்டியால் உடம்பு குளிர்ந்து தளர்கிறது, அதைத் தாண்டி உறுதியாகச் சொல்ல முடியாது என்று ஒத்துக்கொண்டார். எனிமா வேண்டாம் என்றேன், உடனே அட்டையிலிருந்து அடித்துவிட்டார், ஒரு வார்த்தை வற்புறுத்தவில்லை. அவர் இவ்வளவு நேர்மையாக இருக்கும்போது அவருக்குக் கீழே வேலை செய்பவர்கள் வேறு ஒன்றைப் பேசுவதை அவர் நிறுத்த வேண்டும்.

யோகா வகுப்பு நன்றாக இருக்கிறது. எட்டுப் பேர்தான். முட்டி வலி உள்ளவர்களை வஜ்ராசனத்தில் உட்கார விடுவதில்லை, நாற்காலி கொடுக்கிறார்கள். ரத்த அழுத்தம் இருப்பவர்களுக்கு மூச்சை அடக்கும் பயிற்சி கிடையாது. ஆனால் தசை வலுவுக்கு இங்கே ஒன்றுமே இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2020ல் தந்த வழிகாட்டுதலில் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி என்பதோடு, வாரத்தில் இரண்டு நாள் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் சொல்லியிருக்கிறார்கள். நாற்பதைத் தாண்டிய பெண்களுக்கு எலும்பும் தசையும் கரையும் காலம் இது, நாலு டம்பெல் வாங்கிப் போடக்கூடாதா? கேட்டேன், யோசிக்கிறோம் என்றார்கள். நான் வீட்டில் சுவரைப் பிடித்துத் தள்ளுவதும், நாற்காலியில் உட்கார்ந்து எழுவதும் பதினைந்து பதினைந்து முறையாகச் செய்துகொள்கிறேன்.

இப்போது அந்தத் தவறு. ஆறாவது வாரம் வெள்ளிக்கிழமை இரவு எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. நாளை ஜூஸ் நாள், காலை முதல் மாலைவரை வெண்பூசணிச் சாறு, எலுமிச்சை நீர், இளநீர் மட்டும், எல்லோரும் கடைப்பிடிக்கவும். அனுப்பியது மருத்துவர் இல்லை, வரவேற்பறையில் இருப்பவர். எங்கள் வகுப்பில் 67 வயது அங்கிள் ஒருவர், பதினைந்து வருஷமாகச் சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர். சொன்னதை அப்படியே கேட்கிற மனிதர். வழக்கம்போல காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டார், சாப்பிடவில்லை, பூசணிச் சாற்றை மட்டும் குடித்தார். பதினொன்றரைக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சு குழறியிருக்கிறது. அவர் மனைவி புத்திசாலி, வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தது, பார்த்தால் 58. உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்துத் திரும்பப் பார்த்து, அப்புறம் இரண்டு இட்லி கொடுத்திருக்கிறார். மையத்துக்குப் போன் செய்தால் மருத்துவர் ஊரில் இல்லை, மறுமுனையில் இருந்தவர், "நச்சு வெளியேறும்போது அப்படித்தான் இருக்கும் அங்கிள்" என்று சொன்னாராம். அந்த அம்மா திங்கட்கிழமை வந்து இதைச் சொல்லி அழுதபோது எனக்குக் கை கால் ஆடிப்போயிற்று.

கிளிமிபிரைடு மாதிரி மாத்திரைகள் நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காமல் இன்சுலினைச் சுரக்கவைக்கும். வெறும் வயிற்றோடு அவற்றைப் போட்டால் சர்க்கரை 70க்குக் கீழே போய்விடலாம், வயதானவர்களுக்கு அது உயிருக்கே ஆபத்து. இன்சுலின் போடுபவர்களுக்கும் இதேதான். டாபாக்லிஃபுளோசின் வகை மாத்திரை எடுப்பவர்கள் பட்டினி கிடந்தால் வேறு மாதிரி ஆபத்து, ரத்தத்தில் அமிலம் சேரும், அப்போது சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலே இருக்கலாம் என்பதால் கண்டுபிடிக்கத் தாமதமாகும். உண்ணாவிரதமோ ஜூஸோ தொடங்குவதற்கு முன்னால் மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரிடம் கேட்காமல் ஒரு நாள்கூட இருக்காதீர்கள், யார் சொன்னாலும் சரி. என் ஒருத்தியின் இரவுச் சாப்பாட்டு நேரத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்ட அதே இடம், எட்டுப் பேருக்கும் ஒரே செய்தியை அனுப்பியபோது அந்த அங்கிள் யார் என்பதையே மறந்துவிட்டது. எனக்குக் கோபம் அதில்தான்.

மருத்துவர் திரும்பி வந்ததும் அங்கிள் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டார், அதை அங்கிளே சொன்னார். குழுவில் உணவுச் செய்தி அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள், இப்போது ஒவ்வொருவருக்கும் அவர் கைப்பட எழுதிய தாள், மேலே அவரவர் எடுக்கும் மாத்திரைகளின் பெயர். நான்கு பேர் சேர்ந்து போய் உட்கார்ந்து கேட்டோம், அதற்கப்புறம்தான் இதெல்லாம் நடந்தது. அங்கிள் திட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டார், அவருக்குப் பணத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்தார்கள். முழுவதையும் கொடுத்திருக்க வேண்டும்.

வரவேற்பறையில் ஒரு கண்ணாடி அலமாரி இருக்கிறது, பொடி டப்பாக்கள். வெளியே வரும்போதெல்லாம் ஒன்றை வாங்கச் சொல்வார்கள். அஸ்வகந்தா பொடி 650 ரூபாய், தூக்கத்துக்கு நல்லது என்று என்னிடம் இரண்டு முறை நீட்டினார்கள். மூலிகை என்றாலே தீங்கில்லை என்று நினைக்கிறோம், அஸ்வகந்தாவால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள், தைராய்டு மாத்திரை எடுப்பவர்களும் கவனமாக இருக்க வேண்டும். மருத்துவர் எழுதித் தராத எதையும் நான் வாங்கவில்லை, நீங்களும் வாங்காதீர்கள்.

மனநல ஆலோசகரைப் பற்றி எழுதாமல் விட முடியாது. அம்மா இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஆம்பூரில் இருந்தார், கடைசி மாதம் நான் பெங்களூருக்கும் ஆம்பூருக்கும் ரயிலில் போய் வந்துகொண்டிருந்தேன், இறந்த அன்று நான் பங்காரப்பேட்டை தாண்டும்போது போன் வந்தது. என் தூக்கம் போனது அப்போதிலிருந்துதான் என்று எனக்கே அந்த அறையில் உட்கார்ந்துதான் புரிந்தது. அந்தப் பெண் எனக்குப் புத்தி சொல்லவில்லை, அம்மாவைப் பற்றிப் பேச விட்டார், ஐம்பது நிமிடம். மூன்று சந்திப்பு இப்படி நடந்தது. ஏழாம் வாரம் அவர் வேலையை விட்டுப் போய்விட்டார், முன்கூட்டியே எனக்குச் சொல்லவில்லை. புதிதாக வந்தவர் முதலிலிருந்து சொல்லச் சொன்னார், எனக்கு மறுபடியும் ரயிலில் ஏற மனம் வரவில்லை. ஆலோசகர் மாறினால் ஒரு சந்திப்பிலாவது இரண்டு பேரும் சேர்ந்து இருக்க வேண்டும், இதை எழுதியே கொடுத்திருக்கிறேன். மனச்சோர்வு ஆழமாக இருப்பவர்கள் இந்த மாதிரி மையத்தை மட்டும் நம்ப வேண்டாம், நம் ஊரிலேயே நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது. போக முடியாதவர்கள் அரசின் டெலி மானஸ் எண் 14416க்குக் கூப்பிடலாம், இலவசம், தமிழிலும் பேசலாம்.

பன்னிரண்டு வாரம் முடித்து அதே பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் கொடுத்தேன். எச்பிஏ1சி 5.9. எடை 71லிருந்து 67.4, இடுப்பு 94 சென்டிமீட்டரிலிருந்து 89 (நம் நாட்டுப் பெண்களுக்கு 80க்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள், இன்னும் போக வேண்டியிருக்கிறது). தூக்கம் ஆறரை மணி நேரம். எதனால் குறைந்தது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது, என் மனதுக்குப் படுவது ஏழரை மணிச் சாப்பாடும் அதற்கப்புறம் நடக்கிற பதினைந்து நிமிடமும்தான். அத்தையும் இப்போது தெருமுனை வரை கூட வருகிறார். பத்து நாளில் சர்க்கரையை ஒழித்துவிடுகிறோம் என்று விளம்பரம் செய்யும் இடங்களைப் பார்த்தால், மூன்று மாதச் சராசரியைப் பத்து நாளில் எப்படிக் காட்டுவீர்கள் என்று அவர்களிடம் கேளுங்கள்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். அங்கிளுக்கு நடந்தது நடக்காமல் இருந்திருந்தால் நான்கரை. சர்க்கரை எல்லையில் நிற்பவர்கள், கழுத்து முதுகு வலிக்காரர்கள், தூக்கம் கெட்டவர்கள், வீட்டில் எல்லோரையும் கவனித்துவிட்டுத் தன்னை விட்டுவிட்டவர்கள் தாராளமாகப் போகலாம். இன்சுலின் எடுப்பவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் தங்கள் டாக்டரின் சம்மதத்தைக் கையில் வாங்கிக்கொண்டு போங்கள். சனிக்கிழமை கூட்டம் அதிகம், செவ்வாய், வியாழன் கேட்டு வாங்குங்கள். கார் நிறுத்த இடமே கிடையாது, மெட்ரோதான் வசதி. முதல் சந்திப்பை மட்டும் தனியாக 900 ரூபாய்க்கும் பார்க்கலாம், முழுத் திட்டத்துக்குப் பணம் இல்லாதவர்கள் அதை மட்டுமாவது பார்த்துவிட்டு வாருங்கள். பழைய ரிப்போர்ட்டுகளையும், எடுக்கிற எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், மருத்துவர் ஒவ்வொன்றையும் படித்துப் பார்ப்பார்.